சுட்டியை வைத்ததும் பேசும் வரைபடம்

தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அன்பர்கள், சிலம்பைப் பற்றியோ சிதறால் மலையைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இந்த முறை கணிப்பொறியைப் பற்றி எழுதுகிறேன். சாலைக் கடைத்தெருவில் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பாத்திரக்கடை வைத்திருப்பவனுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. வரைபடத்தில் வந்த ஓர் எண்ணை அரைகுறையாகப் படித்து, என் குடும்பத்துக்கே நான் தவறான யோசனை சொன்னேன். அதற்குப் பிறகுதான் இந்தச் சங்கதியைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

இணையதளத்தில் வரைபடம் ஒன்றைப் பார்க்கிறோம். கோடு ஏறுகிறது, இறங்குகிறது. மவுஸின் அம்பைக் கோட்டின்மேல் கொண்டுபோனால் சின்னப் பெட்டி ஒன்று திறந்து, 'இன்ன தேதி, இவ்வளவு' என்று சொல்கிறது. அம்பை விலக்கினால் பெட்டி மறைகிறது. அழுத்தக்கூட வேண்டாம், மேலே வைத்தாலே போதும். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இதை ஹோவர் என்பார்கள், அந்தப் பெட்டியை டூல்டிப் என்பார்கள். மவுஸுக்குத் தமிழில் 'சுட்டி' என்று பெயர் வைத்தவரைப் பாராட்ட வேண்டும். தொல்காப்பியர் அ, இ, உ என்ற மூன்றையும் சுட்டு என்றார். அது, இது, உது என்று பொருளைக் காட்டும் எழுத்துகள் அவை. வரைபடத்தின்மேல் அம்பை வைப்பதும் அதே வேலைதான். 'இது எவ்வளவு?' என்று வாய் திறக்காமல் கேட்கிறோம்.

கடைக்காரனுக்கு இது புதுசு அல்ல. எங்களிடம் நாள்வழி என்றொரு நோட்டு, பேரேடு என்றொரு நோட்டு. பேரேட்டில் ஆளுக்கொரு பக்கம், மொத்தம் மட்டும் பளிச்சென்று தெரியும். 'இந்த நாலாயிரம் எப்படி வந்தது?' என்று யாராவது கேட்டால் நாள்வழியைப் புரட்டி, இன்ன தேதியில் இரண்டு அண்டா, ஒரு குத்துவிளக்கு என்று காட்டுவோம். கேட்டால்தான் காட்டுவோம். கேட்காதவரிடம் எல்லாவற்றையும் விரித்து வைத்தால் கணக்கே புரியாது. அமெரிக்காவின் பென் ஷ்னெய்டர்மன் என்ற பேராசிரியர் 1996-ல் இதையே கணிப்பொறிக்கு ஒரு நெறியாகச் சொன்னார்: முதலில் முழுத் தோற்றம், பிறகு வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்தல், கேட்கும்போது விவரம். அதைப் படித்தபோது, என் அப்பா கல்லாவில் உட்கார்ந்து செய்ததும் இதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அந்தக் கதை. 2020 ஜூலை மாதம். திருவனந்தபுரம் நகரத்தில் ஜூலை 6-ஆம் தேதி காலையிலிருந்து ட்ரிப்பிள் லாக்டவுன். கடை பூட்டு. 17-ஆம் தேதி பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் வந்துவிட்டது என்று முதலமைச்சரே சொன்னார். மாலை ஆறு மணிக்கு அவருடைய பேட்டி, அது முடிந்ததும் கணிப்பொறியில் வரைபடங்கள் என்று பொழுது போயிற்று. நமக்கு இரண்டு ஊர் கவலை அல்லவா? கேரளத்துக் கோட்டைப் பார்த்துவிட்டு உடனே தமிழ்நாட்டுக் கோட்டைப் பார்ப்பேன். வந்தவாசிப் பக்கத்தில் தங்கை குடும்பம் இருக்கிறது.

22-ஆம் தேதி தமிழ்நாட்டின் இறப்புக் கோடு செங்குத்தாக எழுந்து நின்றது. அம்பை மேலே வைத்தேன். பெட்டி திறந்தது: 518. முந்தின நாட்களில் எழுபது, எண்பது என்றிருந்த எண். எனக்குக் கை நடுங்கியது. உடனே தங்கைக்குப் போன் போட்டேன்.

"ஒரே நாள்ல ஐந்நூறு பேருக்கு மேல போயிட்டாங்கம்மா. மாப்பிள்ளையை இப்ப எங்கேயும் அனுப்பாதே."

"அடுத்த வாரம் சென்னையில செக்கப் இருக்கே அண்ணா, இ-பாஸ்கூட வாங்கியாச்சு."

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

மாப்பிள்ளைக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருஷம். அண்ணன் சொன்னால் மறுபேச்சில்லாத வீடு, பரிசோதனையைத் தள்ளிப்போட்டார்கள். ஐந்து வாரம் கழித்துப் போனபோது, மருந்தின் அளவை முன்பே மாற்றியிருக்க வேண்டும் என்று டாக்டர் கோபித்துக்கொண்டாராம். பெரிய சேதமில்லை. ஆனால் அந்த ஐந்து வாரம் என் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும்.

உண்மை என்னவென்றால், அந்த 518 பேரில் 444 பேர் அன்றைக்கு இறந்தவர்கள் அல்லர். மார்ச்சிலிருந்து ஜூன் 10 வரை சென்னையில் இறந்து, கொரோனாக் கணக்கில் சேராமல் விடுபட்டவர்கள். அரசு அமைத்த குழு பதிவேடுகளைச் சரிபார்த்துச் சொன்னதன்பேரில் அன்று மொத்தமாகச் சேர்த்தார்கள். புதிதாக அறிவித்தது 74 தான். செய்தித்தாளில் எல்லாம் இருந்தது. நான் பார்த்த பெட்டியில் தேதியும் எண்ணும் மட்டும் இருந்தன. எண்ணில் தப்பு இல்லை. பக்கத்தில் 'பழைய பாக்கி 444 உட்பட' என்று நாலு வார்த்தை இருந்திருந்தால் நான் போனை எடுத்திருக்க மாட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதையும் பார்க்கலாம். வணிகத்தையும் வரவு செலவையும் கோடுகளாக வரைந்து நூலாக வெளியிட்டவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர். ஆண்டு 1786. அதற்கு முன்பு பெரும்பாலும் பட்டியல்தான். பட்டியலில் எண் துல்லியமாக இருக்கும், போக்கு தெரியாது. வரைபடத்தில் போக்கு தெரியும், எண் துல்லியமாகத் தெரியாது. நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் 1837-ல் எழும்பிய வானியல் ஆய்வுக்கூடம் இன்றும் குன்றின்மேல் இருக்கிறது. 1852-ல் அங்கே பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், 1855-ல் அகத்தியர் மலை உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் காந்த ஊசியின் அசைவை ஆண்டுக்கணக்கில் அளந்தார். அளவுகள் 1874-ல் லண்டனில் நூலாயின. அந்தக் காலத்து அறிஞருக்கு எண் வேண்டுமென்றால் பட்டியலைத் தேட வேண்டும், போக்கு வேண்டுமென்றால் வரைந்து பார்க்க வேண்டும். சுட்டியை மேலே வைக்கும் இந்த வித்தை இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவந்துவிட்டது. அதனால்தான் இது வெறும் அலங்காரம் அல்ல என்கிறேன்.

சரி, இது நடப்பது எப்படி? பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியால்தான். நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் 1995 மே மாதம் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். பக்கம் திறந்த பிறகும் அது விழித்திருந்து, பயனர் என்ன செய்கிறார் என்று கவனிக்கும். அம்பு ஒரு பொருளின்மேல் ஏறினால் 'மவுஸ்ஓவர்' என்று மணி அடிக்கும். மேலேயே நகர்ந்தால் 'மவுஸ்மூவ்', இறங்கிப் போனால் 'மவுஸ்அவுட்'. எந்த மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று நாம் எழுதி வைக்கிறோம். கடை வாசலில் நிற்கும் பையனுக்குச் சொல்லி வைப்பது போல: ஆள் உள்ளே வந்தால் விளக்கைப் போடு, நடந்தால் கூடவே நட, வெளியே போனால் அணைத்துவிடு.

வரைபடத்தை வரைவதில் இரண்டு வழி உண்டு. 2001-ல் தரநிலையான எஸ்.வி.ஜி. முறையில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கட்டமும் தனித்தனி ஆள். தட்டினால் அதுவே திரும்பிப் பார்க்கும். 2004-ல் ஆப்பிள் கொண்டுவந்த கேன்வாஸ் முறையில் எல்லாம் சேர்ந்து ஒரே சித்திரம். சுவரில் வரைந்த யானைக்குத் தன் காது எது, வால் எது என்று தெரியாது அல்லவா? அங்கே அம்பு நிற்கும் இடத்தை அளந்து, இது இன்ன புள்ளி என்று நாமேதான் கணக்குப் போட வேண்டும். புள்ளிகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் கேன்வாஸ் வேகம். நம்மைப் போன்றவர்களின் சிறு கணக்குக்கு எஸ்.வி.ஜி. போதும். அதிலும் மிக எளிய வழி, ஒவ்வொரு புள்ளிக்கும் உள்ளே 'டைட்டில்' என்று ஒரு வரி எழுதிவிடுவது. ஜாவாஸ்கிரிப்டே வேண்டாம், பிரவுசரே ஒரு நொடி தாமதித்துப் பெட்டியைக் காட்டும். என் முதல் பாடம் அதுதான்.

கோட்டு வரைபடத்துக்கு அது பத்தாது. கோடு மெல்லியது, என் வயசுக் கை அதன்மேல் சரியாக நிற்காது. ஆகவே கோட்டைத் தொட வேண்டாம், வரைபடத்தின் பரப்பில் எங்கே அம்பு இருந்தாலும் அதற்கு நேரான தேதியைக் காட்டு என்று எழுதுகிறார்கள். கணக்கு சின்னது. வரைபடத்தின் அகலம் 600 பிக்சல். மாதத்துக்கு 31 நாள், நடுவில் 30 இடைவெளி. ஒன்றுக்கு 20 பிக்சல். திரையின் இடது ஓரத்திலிருந்து அம்பு 327-ல் நிற்கிறது, வரைபடமோ 80-ல்தான் தொடங்குகிறது. கழித்தால் 247. இருபதால் வகுத்தால் 12.35. கிட்டத்து முழு எண் 12. கணிப்பொறி பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஆகவே அது 13-ஆம் தேதி. அந்த வரியை எடுத்துப் பெட்டியில் எழுது, முடிந்தது. பலர் அந்த 80-ஐக் கழிக்க மறந்து, நாலு நாள் தள்ளி எண் காட்டுகிறார்கள். நானும் காட்டினேன். எடைக்கல் போடுமுன் வெறுந்தட்டைச் சரிபார்க்காத கதை.

அடுத்து ஒரு வேடிக்கை. பெட்டியை அம்பின் நுனியிலேயே திறந்தேன். அது 'மினுக் மினுக்' என்று வந்து வந்து போயிற்று. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்றே நினைத்தேன். பேத்திதான் விளக்கினாள். பெட்டி திறந்ததும் அது அம்புக்கும் வரைபடத்துக்கும் நடுவில் வந்து நிற்கிறது. அம்பு இப்போது பெட்டியின்மேல், வரைபடத்தின்மேல் இல்லை. உடனே 'மவுஸ்அவுட்' மணி, பெட்டி மறைகிறது. மறைந்ததும் அம்பு மறுபடி வரைபடத்தின்மேல், பெட்டி திறக்கிறது. இப்படியே நொடிக்குப் பல தடவை. "தாத்தா, பெட்டியை அம்பைவிட்டுப் பத்துப் பிக்சல் தள்ளி வைங்க, இல்லேன்னா 'பாயின்டர் ஈவென்ட்ஸ் நன்'னு ஒரு வரி போடுங்க" என்றாள். அந்த ஒரு வரி பெட்டியைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும். கண்ணுக்குத் தெரியும், அம்புக்குத் தட்டுப்படாது. வலது ஓரத்துக்குப் போகும்போது பெட்டியை இடப்பக்கம் திருப்பவும் வேண்டும், இல்லையென்றால் பாதி எண் திரைக்கு வெளியே போய்விடும். தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பெட்டியில் 'குணமடைந்தவர்கள்' அடங்காது. பெட்டியின் அகலத்தைக் கட்டிப்போடாமல் விடுவது நல்லது. எண்ணை 1,234,567 என்று காட்டாமல் நம் வழக்கப்படி 12,34,567 என்று காட்ட, இந்திய முறையைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்டே கமாவை இடம் மாற்றித் தரும்.

இவற்றையெல்லாம் ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் நூலகங்கள் உண்டு. கல்கத்தாவில் பல்லவ் நாதானி என்பவர் பதின்ம வயதிலேயே 2002-ல் தொடங்கிய ஃப்யூஷன்சார்ட்ஸ் உலகம் முழுக்க விற்றது. முதலில் அது ஃப்ளாஷ் என்ற நுட்பத்தில் இயங்கி, பிறகு ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறிக்கொண்டது. ஃப்ளாஷுக்கு 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றுபோனது, காலத்தே மாறியவர்கள் பிழைத்தார்கள். 2011-ல் ஸ்டான்ஃபோர்டில் மைக் போஸ்டாக்கும் அவருடைய தோழர்களும் இலவசமாகத் தந்த டி3 இன்னொன்று. கற்பது கடினம், ஆனால் வேண்டியதை வேண்டியபடி செய்யலாம்.

டி3 என்ன செய்யும் என்பதை நாமெல்லாம் அறியாமலே பார்த்திருக்கிறோம். 2020 மார்ச்சில் தன்னார்வலர்கள் தொடங்கி 2021 அக்டோபர் 31 வரை நடத்திய கோவிட்19இந்தியா என்ற தளம் அதில் செய்ததுதான். மாநில அரசுகளின் அறிக்கைகளைத் தினமும் ஒன்றுசேர்த்து, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்து வைத்தார்கள். அங்கே ஒரு நேர்த்தி உண்டு. நோய் கண்டவர், சிகிச்சையில் இருப்பவர், குணமானவர், இறந்தவர் என்று வரைபடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒன்றில் ஒரு தேதியில் விரலோ அம்போ வைத்தால் மற்றவையும் அதே தேதிக்கு நகர்ந்து நிற்கும். ஒரு நாளின் கதை முழுசாகக் கிடைக்கும். இதைச் செய்வது கடினமில்லை. 'இப்போது சுட்டிய தேதி' என்று ஒரே ஒரு குறிப்பை நடுவில் வைத்து, எல்லா வரைபடங்களையும் அதைப் பார்க்கச் சொன்னால் போதும். யோசித்தவர்களைத்தான் மெச்ச வேண்டும்.

மேலே 'விரலோ' என்று எழுதினேன். மவுஸ் இருந்தால்தானே ஹோவர்? நம் சங்கத்தில் பாதிப்பேர் கணிப்பொறியைத் தொடுவதில்லை, எல்லாம் கைப்பேசிதான். விரலுக்கு 'மேலே வைத்தல்' கிடையாது. தொட்டால் தொட்டது, இல்லையென்றால் இல்லை. மவுஸுக்காக எழுதியதைக் கைப்பேசி ஓரளவு சமாளித்து, தொடுவதையே மவுஸ்ஓவராக எடுத்துக்கொள்ளும். ஆனால் விரல் கட்டை. புள்ளியையும் மறைக்கும், பெட்டியையும் மறைக்கும். விரலுக்கென்று தனியாக எழுதி, பெட்டியை வரைபடத்தின் உச்சியில் நிலையாக வைப்பதே மேல். மவுஸையும் பிடிக்க முடியாத கை நடுக்கக்காரர்கள் உண்டு. டேப் விசையை அழுத்தி அழுத்திப் புள்ளிக்குப் புள்ளி போக அவர்களுக்கு வழி வேண்டும். கண் தெரியாதவருக்குத் திரை வாசிப்பான் படித்துச் சொல்ல, கீழே ஒரு பட்டியல் வேண்டும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2018 ஜூனில் வெளியிட்ட அணுகல் நெறிகளில் இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது: மேலே வைத்ததால் திறக்கும் பெட்டியை, சுட்டியை நகர்த்தாமலே மூட முடிய வேண்டும், பெட்டியின்மேலேயே அம்பைக் கொண்டுபோகவும் முடிய வேண்டும், படித்து முடிக்குமுன் அது தானாக மறையக் கூடாது. எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்களை நினைத்து எழுதிய விதி. பேத்தி சொன்ன கண்ணாடி வித்தை இந்த இரண்டாவது நிபந்தனைக்கு ஒத்துவராது என்று பிறகுதான் தெரிந்தது. ஆகவே பெட்டியைத் தள்ளி வைப்பதே நியாயம். இந்த விதியைப் படித்தபோது என் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இனி என்னைத் தடுமாற வைத்த சங்கதிக்கு வருகிறேன். பெரும்பாலும் கணக்கு இரண்டு பத்தியாகத்தான் வரும்: தேதி, எண். மூன்றாவதாக 'குறிப்பு' என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். அநேக நாட்களுக்கு அது வெறுமையாக இருக்கும். குறிப்பு இருக்கும் நாளில் பெட்டி அதையும் சேர்த்துக் காட்டட்டும், ஒரே ஒரு 'இருந்தால்' வாக்கியம் போதும். அதோடு விடக்கூடாது. பெட்டியைத் திறக்காதவருக்கும் தெரிய வேண்டுமே? அந்தப் புள்ளியின்மேல் சின்ன வளையமோ உடுக்குறியோ கோட்டிலேயே போட வேண்டும், அச்செடுத்தாலும் அது நிற்கும். கேரளத்திலும் இதே கதை நடந்தது. 2021 அக்டோபரிலிருந்து, உச்சநீதிமன்ற உத்தரவை ஒட்டி வந்த புதிய வழிகாட்டுதலின்படி பழைய இறப்புகளை மேல்முறையீட்டின்பேரில் அன்றாடக் கணக்கோடு சேர்த்து அறிவித்தார்கள். தமிழ்நாட்டு எண்ணில் ஒருமுறை பட்டவன் ஆதலால், இங்கே கோடு எழும்பியபோது நான் போனை எடுக்கவில்லை. முதலில் அறிக்கையைத் தேடினேன்.

படித்ததைச் சோதிக்க எனக்கென்று ஒரு கணக்கு இருந்தது. கடை திறந்த நாளிலிருந்து பழைய பித்தளை கிலோ என்ன விலைக்கு எடுத்தேன் என்பதை மாதாமாதம் டைரியில் எழுதி வந்திருக்கிறேன். அதை ஏற்றி, கோடு போட்டு, பெட்டி வைத்து, கீழே பட்டியலும் வைத்து முடிக்க ஏழு மாதம் பிடித்தது. ஜாவாஸ்கிரிப்டில் அரைப்புள்ளியை விட்டால் பெரும்பாலும் மன்னித்துவிடும், அடைப்புக்குறியை விட்டால் மன்னிக்காது என்பது அனுபவப் பாடம். பேத்தி உதவி செய்தாள், செய்து தரவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன்.

முடித்ததும் முதலில் தங்கைக்குத்தான் அனுப்பினேன். கைப்பேசியில் விரலை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணா. 2008 கடைசியில ஏன் இப்படிப் பள்ளத்துல விழுந்திருக்கு? தொட்டா விலை மட்டும்தான் வருது."

அந்த மாதத்துக் குறிப்புப் பத்தியை நான் நிரப்பவே இல்லை. டைரியைத் தேடி எடுத்தேன். 2008 நடுவில் லண்டன் சந்தையில் தாமிரம் டன்னுக்கு 8,500 டாலருக்கு மேல் போயிருந்தது. அமெரிக்க வங்கிகள் கவிழ்ந்ததில் டிசம்பரில் 3,000-க்கும் கீழே வந்தது. பித்தளை அதன் பின்னாலேயே போயிற்று. டைரியில் அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தில் இரண்டே சொல்: "வாங்காதே. பொறு." பொறுத்தேனா என்பது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பக்கத்தையும் அன்றிரவே குறிப்பில் ஏற்றி, தங்கைக்கு மறுபடி அனுப்பிவைத்தேன்.